முள்ளோடைவரை வந்த கல்

"சொமைய எறக்குறப்ப கல்லுகிட்ட ஒண்ணும் பாக்க வேண்டியதில்ல, எடுக்குறப்பத்தான்…" என்று என் தாய்மாமா ஒன்று சொல்வார். எடுக்கும்போது என்ன என்பதை அவர் சொன்னதே இல்லை. மலைமேல் ஊர்களுக்குத் தபால் பை சுமந்த மனிதர் அவர். வாக்கியத்தை ஏற்றத்தில் தொடங்கி மூச்சு வாங்கும் இடத்தில் விட்டுவிடுவார். மிச்சத்தை அடுத்த வளைவில் சொல்வார் என்று காத்திருந்தால் அடுத்த வளைவில் வேறெதையாவது தொடங்கியிருப்பார். பல வருடம் வெளிநாட்டில் வேறொரு மொழியில் சம்பாதித்துவிட்டுத் திரும்பிவந்து, மலைநடைச் சங்கத்தில் பாதை நெடுக மஞ்சள் அம்புக்குறி வரைகிற வேலையில் நான் சேர்ந்திருந்த சமயம், அந்தப் பாதி வாக்கியம் மறுபடி தலையெடுத்ததற்குக் காரணம், நாவல்மந்தைச் சுமைதாங்கி ஒருநாள் காலையில் இருந்த இடத்தில் இல்லாமல், வளைவுக்குக் கொஞ்சம் கீழே நின்றதுதான்.

சங்கத்துப் பாதை என்று எல்லோரும் சொல்வது பழைய பொதிக்குதிரைப் பாதையைத்தான். மலை உச்சியில் பக்கத்து மாநிலத்து எல்லையில் தொடங்கி, புல்வெளிகளையும் சோலைக்காடுகளையும் தாண்டி, நாவல்மந்தையில் ஓர் இரவு தங்கி, முள்ளோடையில் இறங்கி, அக்கரையில் வேங்கைக்கரை வழியாக அடிவாரத்துக்கு வந்துசேரும் ஒன்பது நாள் நடை அது. ஒரு காலத்தில் பூண்டும் உருளைக்கிழங்கும் இறங்கிய வழியில் இப்போது சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் முதுகில் பையும் கையில் இரண்டு குச்சிகளுமாக, பொழுதுபோக்குக்காக நடந்தார்கள். விலை கொடுத்துச் சுமக்கிறார்கள் என்று மலைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு டீக்கடை போட்டார்கள், பிறகு அறை கட்டினார்கள்.

நாவல்மந்தையின் கீழ்வளைவில் அந்தச் சுமைதாங்கி இருந்தது. இரண்டு கற்களை நட்டு, மேலே தோளுயரத்தில் ஒரு பலகைக்கல்லைப் படுக்கவைத்தது. வழியில் போகிறவன் யார் துணையும் இல்லாமல் தலைச்சுமையை அதில் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம், யார் துணையும் இல்லாமல் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே இறந்துபோன பெண்ணின் பேரில் நடுவார்கள். ஒவ்வொருவரும் சுமையை இறக்கி ஆறும்போது அவளும் தன் சுமையை இறக்கி ஆறிக்கொள்கிறாள் என்பது ஊர் வழக்கம். இந்தக் கல்லின் நெற்றியில் கோப்பம்மா என்று வெட்டியிருந்தது. நட்டவர் அவள் புருஷன் சடையாண்டி. அறுபதை நெருங்கிய குதிரைக்காரர், அதற்கப்புறம் வேறு கல்யாணம் செய்துகொள்ளாதவர், தம்பி மகன் கதிரவன் வீட்டில் பின்பக்கத்து அறையில் குதிரைச் சேணங்களோடு படுத்துக்கொள்பவர்.

கல் நகர்ந்ததை முதலில் கண்டது சுருளியம்மா. அதன் பக்கத்தில்தான் அவள் டீக்கடை. ஒரு பெஞ்சு, ஒரு அடுப்பு, மழைக்கு ஒரு நீலத் தார்ப்பாய். அன்றைக்கு நடையாட்கள் யாருமே கடையில் நிற்காமல் தாண்டிப் போவதைப் பார்த்து, இவர்களுக்கு என்ன வந்தது என்று எட்டிப் பார்த்தவள், அவர்கள் எல்லோரும் கொஞ்சம் தள்ளிக் கல்லின்மேல் பையை வைத்துவிட்டு அங்கேயே இளைப்பாறுவதைக் கண்டாள். கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெஞ்சை ஒரு கையிலும் அடுப்பை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டுபோய் அதன் பக்கத்தில் போட்டாள். அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. மாசி பிறப்பதற்குள் தார்ப்பாயைக் கட்டுவதற்கு மரம் தேடுவதை விட்டுவிட்டு, குடை வாங்கிவிட்டாள்.

கல் நகர்வதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நடையாட்கள் பையை வைப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள், படம் எடுப்பார்கள், பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அடுத்த திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தால், விட்டுவந்த இடத்தைவிடக் கல் கொஞ்சம் கிட்டத்தில் நிற்கும், பின்னால் வந்தவள் இவர்கள் திரும்பியதும் சட்டென்று நின்றுகொண்டதைப் போல. அவ்வளவுதான். பள்ளிக்கூட வாத்தியார் அது மண் சரிவு என்றும் மழைக்காலத்தில் மலைச் சரிவுகள் மெல்ல இறங்கும் என்றும் விளக்கினார், யாரும் மறுத்துப் பேசவில்லை. நடுவில் இருந்த சிறு ஏற்றத்தையும் கல் ஏறிக் கடந்தபோது, மண் ஏறவும் செய்யுமா சார் என்று மட்டும் மரியாதையாகக் கேட்டார்கள்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். பொதிக்குதிரைகள் மட்டும் கடைசிவரை பழகவில்லை. அவை பழைய வளைவிலேயே நின்று, முதுகிலிருந்து பாரம் இறங்கும் என்று காதை ஆட்டிக்கொண்டு காத்திருந்தன, தட்டி ஓட்ட வேண்டியிருந்தது. பூசாரி, வெள்ளிக்கிழமை விளக்கைப் பழைய இடத்திலும் பூவைப் புது இடத்திலும் வைப்பது என்று முடிவுகட்டினார். தன் காட்டுப்பகுதிக்குள் புதிதாக எந்தக் கட்டுமானமும் கூடாது என்று வனக்காவலர் முதலில் சத்தம்போட்டார். இது கட்டுமானம் இல்லை, நடந்து வந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்ல, நடப்பதானால் காட்டில் நடப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டுமே என்று அவர் கேட்க, அன்றிலிருந்து சங்கம் ஒவ்வொரு குழுவோடும் கூடுதலாக ஓர் ஆளுக்குச் சீட்டு வாங்கியது. பெயர் கோப்பம்மா, பெண், வயது மட்டும் என்ன போடுவதென்று தெரியாமல் செத்தபோது இருந்த வயதையே போட்டார்கள். எனக்கு வந்த சங்கடம் சின்னது. "சுமைதாங்கி, சிற்றோய்வு" என்று நான் எழுதி நட்ட பலகை வாரத்துக்கொரு முறை பொய்யானது. கடைசியில் அதை ஒரு மூங்கிலில் கட்டிச் சுருளியம்மாவிடமே கொடுத்துவிட்டேன், அவள் காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அதைக் கல்லின் பக்கத்தில் ஊன்றிவிடுவாள்.

பெண்கள் அதைக் கல் என்று சொல்வதை எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. விறகுக்குப் போய் வருகிறவளிடம், எதுவரைக்கும் வந்திருக்கா என்று கேட்டார்கள். நாவப்பள்ளம் தாண்டிட்டா, அங்கன நெழல் இருக்கு, ரெண்டு நாள் ஒக்காந்திருப்பா என்று அவள் சொல்வாள். யாரோ ஒரு நாள் பலகைக்கல்லின்மேல் ஒரு மாங்காய்ப் பிஞ்சை வைத்தார்கள், மறுநாள் புளியும் திருநீறும் இருந்தன, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு நாக்கு கேட்கிற பண்டங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. சுருளியம்மா பிஸ்கட் பாக்கெட்டுகளுக்கு நடுவில் கண்ணாடி வளையலும் வைத்து விற்க ஆரம்பித்தாள். ஐ.டி. கம்பெனிப் பெண்களும், அவர்களோடு வந்த தாடிக்காரப் பையன்களும் அதை நூலில் கோத்துக் கல்லில் மாட்டினார்கள், காற்றடித்தால் பாதையில் வளையல் சத்தம் கேட்டது. ஒரு வளைகாப்புக்குத் தாங்கள் வந்துபோகிறோம் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் அதைப்பற்றிப் பேசவில்லை, ஏனென்றால் அவளுடைய முதல் வளைகாப்பு எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கும்.

கோப்பம்மா முள்ளோடைக்கு அக்கரை, வேங்கைக்கரைக்காரி. தலைச்சன் பிள்ளையை வயிற்றில் வைத்திருந்த அவளுக்கு வளையல் போட்டு அழைத்துப்போக, அண்ணன் தவசி, கட்டுச்சோறும் தட்டுமாகச் சொந்தக்காரர்களோடு மலை ஏறி வந்தார். வளையல் போட்டாயிற்று, சாப்பிட்டாயிற்று. அதன்பிறகு பிறந்த வீட்டுக்காரர் எழுந்து, பெண்ணை அழைத்துப்போகிறோம் என்று மாப்பிள்ளையிடம் கேட்பதும், அவர் வெற்றிலை கொடுத்து அனுப்புவதும் முறை. தவசி பேச்சு வாக்கில், கேட்காமலே, குதிரையைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஏன் என்னைக் கேக்கல என்றார் சடையாண்டி. என் தங்கச்சியக் கூட்டிட்டுப் போக உன்னை என்னத்தக் கேக்குறது மாப்ள என்றார் தவசி, சிரித்துக்கொண்டுதான். சிரிப்பு சடையாண்டிக்குப் பிடிக்கவில்லை. முறையாக வந்து கூப்பிட்டால்தான் அனுப்புவேன் என்று அவர் சொல்ல, நீயா என் வீட்டு வாசல்ல வந்து நின்னு கேக்குறவரைக்கும் இந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன் என்று தவசி சொல்ல, கட்டுச்சோற்றுப் பாத்திரங்கள் காலியாகவும் குதிரைச் சேணம் காலியாகவும் அவர்கள் இறங்கிப் போனார்கள். ஒரு வாரத்தில் இரண்டு பேரில் ஒருவர் இறங்கிவருவார் என்று இரண்டு ஊரும் நினைத்தது. ஒரு மாதம் போனது. நடு மழையில் அவளுக்கு வலி கண்டு, நாலு பேர் டோலி கட்டித் தூக்கி அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு இறங்கியபோது, கீழ்வளைவிலேயே முடிந்துபோயிற்று. டோலியின் முன்கம்பு சடையாண்டியின் தோளில் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் முள்ளோடையைத் தாண்டவில்லை. தவசியும் இந்தப் பக்கம் வரவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் பிழைப்பு பொதிக்குதிரைதான், பாதையும் ஒரே பாதைதான். ஆகவே நாவல்மந்தையிலிருந்து இறங்கும் சுமைகளைச் சடையாண்டி ஓடைக்கு இந்தப் பக்கத்துப் பாறையில் இறக்கிவிட்டுப் பத்தடி தள்ளிப்போய் முதுகைக் காட்டி நிற்பார். தவசியின் ஆட்கள் ஓடையில் இறங்கிவந்து எடுத்துப்போய் அக்கரையில் நிற்கும் குதிரையில் ஏற்றுவார்கள். பூண்டுக் காலம் போய் நடையாட்களின் காலம் வந்தபோதும் இதுவே நடந்தது. கூடாரங்களும் சமையல் சாமான்களும் ஏன் ஓடையில் குதிரை மாறுகின்றன என்று கேட்ட வெளியூர்க்காரர்களுக்குச் சங்கத்தின் வழிகாட்டிகள், இது இந்த மலையின் பாரம்பரிய முறை என்று சொன்னார்கள், சங்கத்தின் வண்ணத் தாளிலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது. நானே அதை இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்றும் சொல்ல முடியாது. அவரவர் குதிரையிடம் பேசினார்கள். தவசியின் குதிரைக்கு மைனர் என்று பெயர், சடையாண்டியுடையது வெள்ளச்சி.

"டேய் மைனர், இந்தக் கட்டப் பாத்தியா? பொம்பளப் புள்ளைக்குச் சட பின்னுன மாதிரி இருக்கு. பாதி வழியில அவுந்துரும்" என்பார் அக்கரையில் தவசி.

இக்கரையில் முதுகைக் காட்டி நிற்பவர் வெள்ளச்சியின் கழுத்தைத் தடவிக்கொடுப்பார். "அவுந்தா திரும்பக் கட்டத் தெரியாதவங்களும் குதிர வச்சிருக்காங்க தாயி. நம்ம என்ன செய்ய."

இது இப்படி இருக்க, சித்திரை முடிவில் கல் முள்ளோடைக்கு வந்து சேர்ந்தது. சடையாண்டி சுமை இறக்கும் பாறைக்குப் பக்கத்தில், ஓடையைப் பார்த்த மாதிரி நின்றது. நடையாட்கள் வழக்கம்போலப் பையை வைத்தார்கள், எடுத்தார்கள், ஓடையைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தார்கள். கல் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தண்ணீர் கணுக்கால் அளவுதான், கோடையில் ஆட்டுக்குட்டி தாண்டும். எத்தனையோ பேர் வைத்து எடுத்தும் அது நின்ற இடத்திலேயே நின்றது.

இப்போது நாவல்மந்தையில் எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள் என்றால் அதற்குக் காரணம், கல் தாண்டினால் என்ன ஆகும் என்று கதிரவன் சொல்லிவந்ததுதான். நாவல்மந்தையின் வார்டு மெம்பர் அவன். சடையாண்டியின் தம்பி இறந்தபின் அவர் கையில் வளர்ந்தவன், அவரைப் பெரியப்பா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். நகரும் கல்லைப் பார்க்க வருகிறவர்களுக்காக மூன்று அறை கட்டி, ஜன்னல்களைக் கல்லிருந்த திசையில் வைத்திருந்தான். கல் இறங்க இறங்க ஜன்னல்களிலிருந்து முதலில் அது மறைந்தது, பிறகு வந்தவர்கள் அறையில் தங்காமல் கல்லுக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டார்கள். அது ஓடையைத் தாண்டிவிட்டால் வேங்கைக்கரைக்காரர்களுடையதாகிவிடும், அவர்கள் அறை கட்டுவார்கள். மேல்மலைக்கு வந்த முதல் பிழைப்பு கீழே இறங்கிப் போய்விடும் என்று அவன் சொன்னது பொய்யில்லை. பூண்டு விலை போகாத வருடங்களை அந்த ஊர் மறக்கவில்லை.

முதலில் அவன் இளவட்டங்களைக் கூட்டிக்கொண்டுபோய், கம்பில் கயிறு கட்டிக் கல்லைத் தூக்கிவந்து தன் வாசலில் நட்டான். தூக்கியவர்களில் ஒருவன் தோளைத் தேய்த்துக்கொண்டே, கல்லு கனமே இல்லடா இது, ஆள் கனம், நெறமாசக்காரி கனம் என்றான். அங்கே நின்றிருந்த சடையாண்டி தன் வலது தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு குதிரைக்குப் புல் போடப் போய்விட்டார். பத்து நாளில் கல் திரும்பவும் முள்ளோடையில் நின்றது. இந்த முறை வேகமாகவே இறங்கியிருந்தது. வழி தெரிஞ்சு போச்சுல்ல என்றார்கள் பெண்கள்.

ஆகவே, தூக்கிவர வேண்டாம், ஓடைக்கு இந்தப் பக்கம், நாவல்மந்தை எல்லைக்குள், அது நிற்கிற இடத்திலேயே அடித்தளம் தோண்டிக் கம்பி வைத்துக் கான்கிரீட் போட்டுவிடுவது என்று கதிரவன் கூட்டம் கூட்டி முடிவெடுத்தான். சங்கத்துக்கும் சம்மதம்தான், ஒரே இடத்தில் நிற்கிற அதிசயம் வரைபடத்துக்கு வசதி. பூசாரி மட்டும் ஒன்று சொன்னார். சுமைதாங்கியில் வேறொருவர் கொத்துக்கரண்டி வைக்கக்கூடாது, நட்ட கைதான் முதல் கரண்டி போட வேண்டும். அப்படியாகத்தான் இந்த விஷயம் முழுவதும் சடையாண்டியின் கைக்கு வந்து நின்றது.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வளர்த்த பிள்ளை கேட்கிறான், ஊர் கேட்கிறது. சிமெண்ட் மூட்டைகளை வெள்ளச்சியின் முதுகில் ஏற்றியபோதும் அவரே முடிச்சுப் போட்டார்.

நாங்கள் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. ஓடைக்கரையில் கம்பி கட்டுகிறவர்கள், கதிரவன், பூசாரி, சங்கத்தின் ஆட்கள், அன்றைக்கு அடிவாரம் இறங்க வேண்டிய ஒரு நடைக்குழு, எல்லோரும் இருந்தார்கள். சுருளியம்மா குடைக்குக் கீழே பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அக்கரையில், நடைக்குழுவின் சாமான்களை வாங்கிக்கொள்ள வந்த தவசி, மைனரின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துண்டு, காதோரம் வெள்ளை முடி, மாப்பிள்ளையைவிட நாலைந்து வயது மூத்தவர்.

சடையாண்டி முதல் சிமெண்ட் மூட்டையைத் தோளில் வாங்கினார். காலம் முழுக்கச் சுமை தூக்கியவரின் கால்கள் தாமாகவே கல்லை நோக்கி நடந்தன, தோள் பலகைக்கல்லின் விளிம்பைத் தொட்டது. அங்கே நின்றுவிட்டார். மூட்டையைத் தள்ளவில்லை. நூலில் தொங்கிய வளையல்கள் அவர் காதருகில் உரசிக்கொண்டிருந்தன. பிறகு குனிந்து, முழங்காலில் முட்டுக்கொடுத்து, சிரமப்பட்டு மூட்டையைத் தரையில் இறக்கினார்.

நடைக்குழுவில் ஒரு பெண் கல்லிலிருந்து தன் பையை எடுத்து மாட்டிக்கொண்டு, தோழியைப் பார்த்து, வா போலாம் என்றாள். கல் அசையவில்லை.

"இப்பிடிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் இம்புட்டுத் தூரம் கொண்டாந்து விட்டாங்க" என்றாள் சுருளியம்மா, யாருக்கும் குறிப்பாக இல்லாமல். "சொமைய எடுக்குறப்ப சத்தமா வா போலாம்னு சொல்லக் கூடாதும்பாங்க எங்கூருல. அந்தக் காலத்துல ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, செருமிட்டுக் கெளம்பிருவாங்க. அங்கன நிக்கிறவ தன்னையத்தான் கூப்பிடுறாங்கன்னு நெனச்சுக்குவாளாம்."

என் மாமா சொல்லாமல் விட்டது இதுதானா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. வேறேதாவதாகவும் இருந்திருக்கலாம்.

"அப்ப இப்ப ஏன்க்கா வரமாட்டேங்குறா?" என்று கேட்டான் கம்பி கட்டுகிறவன்.

"கண்டவங்க கூப்பிட்டா ஓடை வரைக்கும்தான் வருவா. பொறந்த வீட்டு வாசல்ல போயி நிக்கணும்னா பொறந்த வீட்டு ஆளுல்ல கூப்பிடணும். தானா போயி நின்னா மரியாதையா?" அவள் இரண்டு கரையையும் ஒருமுறை பார்த்தாள். "ரெண்டு பேரும் நல்லா குதிரைக்குப் பேச்சுச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கீக, அண்ணே. குதிரைகளாவது ஒரு முடிவுக்கு வந்தாச் சரி."

கம்பி கட்டுகிறவர்கள் சிரித்தார்கள். அக்கரையில் தவசி எழுந்து மைனரின் கடிவாளத்தைச் சரிசெய்தார்.

"மைனர், நம்ம வீட்டுக் கதவு தொறந்துதான் கெடக்கு. இத்தனை வருசமாத் தொறந்துதான் கெடக்கு. வந்து ஒரு வார்த்த கேக்குறதுக்கு ஆளத்தான் காணோம்."

சடையாண்டி வெள்ளச்சியைத் தேடினார். அது தூரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தது. கைக்கெட்டுகிற இடத்தில் கல் மட்டும்தான் இருந்தது, அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, அதனிடம் சொல்வதைப் போலச் சொன்னார்.

"வந்து கூப்பிட வேண்டியது பொறந்த வீட்டுக்காரங்க. கேக்காமக் குதிரையக் கொண்டாந்து நிறுத்துனது யாரு?"

"சிரிச்சுச் சொன்னதுடா மைனர்" என்றார் தவசி. சத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சிரிச்சுத்தான சொன்னேன்."

தவசி இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு சாமான்களை ஆட்கள் ஏற்றி முடித்ததும், "வா, வீட்டுக்குப் போவோம்" என்று மைனரின் கயிற்றை இழுத்தார். கரையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிக் கல்லைப் பார்த்தோம். கல் அப்படியே இருந்தது. குதிரையைக் கூப்பிட்டதற்குக் குதிரைதான் போனது. குளம்புச் சத்தம் வேங்கை மரங்களுக்குள் ஏறி மறைந்தது.

கதிரவன் கலவையில் தண்ணீர் ஊற்றச் சொன்னான். கலவை தயாரானதும் கொத்துக்கரண்டியைத் துடைத்து, இரண்டு கையாலும் பெரியப்பாவிடம் நீட்டினான். அவன் முகத்தில் அதிகாரம் எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது.

"ஓடைக்கு இந்தப் பக்கம் நிக்கிறவரைக்கும் பெரியம்மா நம்ம ஊர்க்காரி பெரியப்பா. போயிட்டா நம்மளுக்குன்னு என்ன இருக்கு சொல்லுங்க. மூணு அறையும் பூட்டித்தான் கெடக்கும். நான் திரும்பவும் பூண்டுக்குத்தான் போகணும்."

"தெரியும்யா" என்றார் சடையாண்டி.

கரண்டியை வாங்கிக்கொண்டார். கலவையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். பூசாரி ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எல்லாம் வைத்திருந்தார், பூசைக்கு. சடையாண்டி தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, வேட்டியில் துடைத்து, காம்பைக் கிள்ளினார். கலவை இறுகுதுங்கய்யா என்றார் கொத்தனார். சங்கத்து ஆள் ஒருவர் படம் எடுப்பதற்குக் கைப்பேசியை உயர்த்தினார், பிறகு என்ன நினைத்தாரோ, இறக்கிக்கொண்டார். காற்று வந்து வளையல்கள் ஒருமுறை ஆடி நின்றன.

கரண்டியைக் கதிரவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, வெற்றிலையை மடியில் வைத்துக்கொண்டு முள்ளோடையைத் தாண்டி, வேங்கைக்கரையில் தவசி வீட்டு வாசலில் போய் நின்று, மச்சான், உங்க தங்கச்சி காத்திருக்கா, வந்து கூட்டிட்டுப் போங்க என்று கேட்பதெனச் சடையாண்டி முடிவு செய்தார்.